எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

நாகப்பட்டினம் சுங்கத்தில் என் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே இருந்த பழைய கைலிகளை அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நாலாவது கைலிக்கு அடியில் கறுப்பாக இரும்பு தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது?”

“எஞ்சின்.”

“எதுக்கு?”

“காருக்கு.”

“கார் எங்க?”

“மதுரையில என் தம்பி செஞ்சுக்கிட்டிருக்கான்.”

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். “சார், எல்லாரும் ரேடியோ, குடை, தைலம்னு கொண்டு வர்றாங்க. இந்தம்மா எஞ்சினைக் கைலியில சுத்திக் கொண்டு வந்திருக்காங்க, கைப்பிள்ளை மாதிரி!” நாலைந்து பேர் கூடிவந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீட்டிய காகிதங்களில் எல்லாம் கைநாட்டு வைக்காமல் பேச்சியம்மாள் என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அவருக்கு என் நன்றி.

ஊருக்குப் போய் வந்தவர்கள் நம் ஈப்போ கோயில் மலரில் எழுதுகிறார்கள். மீனாட்சியைப் பார்த்தேன், பழனியில் முடி எடுத்தேன் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நானும் மீனாட்சியைப் பார்த்தேன். ஆனால் என் பயணம் பெரும்பாலும் கப்பலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் கழிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் மலேசியாவில் ஈப்போவுக்கு வந்து நாற்பத்து நாலு வருடம். கப்பல் ஏறும்போது என் தம்பி மாரிச்சாமிக்கு மூன்று வயது. எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். கோச்சடையில் வீடு, கப்பலூர் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை என்று அவன் நன்றாக இருந்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு லாரி மோதி அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகு கட்டை ஊன்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

போன வருடம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. தானே ஓட்டிப் போக ஒரு சின்னக் கார் செய்கிறானாம். குழாயில் சட்டம், அதற்கு மேல் அலுமினியத் தகடு, முன்சக்கரங்கள் பழைய காரில் எடுத்தவை. என்ன எஞ்சின் வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை என்று எழுதியிருந்தான்.

எங்கள் தோசைக் கடைக்குப் பக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் சீனக் கிழவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நசுங்கிப்போன ஒரு ஜப்பான் குட்டிக் காரிலிருந்து இரண்டு சிலிண்டர் எஞ்சினைக் கியர் பெட்டியோடு கழற்றிக் கொடுத்தார். பின்பக்கம் எஞ்சின் வைத்த கார் அது. நான் கொண்டு வருகிறேன், நீ வேறு எதையும் தேடாதே என்று தம்பிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

மதுரையில் முதல் நாள் தம்பி மனைவி லட்சுமி ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் செய்து வைத்திருந்தாள். ஈப்போவில் தினமும் சாயங்காலம் மழை பெய்து துணி காயாது. இங்கே வைகைக்குள்ளேயே தண்ணீர் இல்லை. மணலில் மாடு படுத்திருந்தது, ஒருவர் அதன் பக்கத்தில் வேட்டியை விரித்துக் காயப் போட்டிருந்தார். ஆனால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அப்படி ஒரு ருசி. இரண்டு செம்பு குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் லட்சுமி ஆரம்பித்தாள்.

“மதினி, நீங்களே கேளுங்க. பஸ்ஸுல ரெண்டு தடவை விழுந்துட்டாக. ரெண்டாந்தடவை படியிலருந்து ரோட்டுக்கே வந்துட்டாக. பட்டறையை வித்துப்புட்டு வீட்டோட இருங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக.”

“அதான் வாக்குக் குடுத்துட்டேன்ல,” என்றான் தம்பி.

“என்ன வாக்கு?” என்றேன்.

“நீ திரும்பிக் கப்பல் ஏறுறதுக்குள்ள வண்டி ஓடணும்க்கா. ஓடலைன்னா பக்கத்துப் பட்டறைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடுறேன். அதுக்கப்புறம் இவ சொல்றபடி வீட்டுல உக்காந்து ரேடியோ கேக்க வேண்டியதுதான்.”

நாற்பத்தேழு வயதில் வீட்டில் உட்காருவதா? கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எஞ்சின்தான் வந்துவிட்டதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

இரண்டாம் நாள் அவனோடு பஸ்ஸில் கப்பலூர் போனேன். ஈப்போவில் பஸ் நின்று ஆளை ஏற்றும். இங்கே பஸ் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆள்தான் ஏறிக்கொள்ள வேண்டும். ஆனால் தம்பியைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார். “அண்ணனை ஏத்துங்கப்பா! யோவ் கட்டையைப் பிடிய்யா!” இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருவர் கட்டையை வாங்கினார், ஒரு பெண் எழுந்து இடம் விட்டாள். கப்பலூரில் இறக்குவதற்கும் அதே போல நாலு பேர். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் தம்பியிடம் சொன்னேன்.

“எல்லாரும் நல்லவங்கதான்க்கா. காலையில நாலு பேரு, சாயங்காலம் நாலு பேரு. மூணு வருசமா தினம் எட்டுப் பேருக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன்.”



பட்டறையில் வண்டியைப் பார்த்தேன். இரண்டு பேர் உட்காரலாம். இருக்கைகள் பிரம்பால் பின்னியவை. நாலு பேர் பிடித்தால் மொத்த வண்டியையும் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. அங்கே காதர் பாய் இருந்தார். ஆட்டோ ரிப்பேர் செய்பவர், தம்பிக்கு இருபது வருடச் சினேகிதர்.

“வாங்கக்கா. கடல் தாண்டி எஞ்சின் கொண்டாந்த மகராசி நீங்கதானா!” என்று பெட்டியைத் திறந்து எஞ்சினைத் தடவிப் பார்த்தார். “மாஷா அல்லா, மாப்ளைத் தோரணையாத்தான் இருக்கு.”

வேறு என்னென்ன எஞ்சின் யோசித்தாய் என்று தம்பியைக் கேட்டேன். அவன் பெண் பார்த்த கதை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“மோட்டார் சைக்கிள் எஞ்சின் பார்த்தேன். இழுவை நல்லா இருக்கும். ஆனா உதைச்சுல்ல ஸ்டார்ட் பண்ணணும்? ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு எந்தக் காலால உதைக்க? ரிவர்சும் கிடையாது. வயக்காட்டுல தண்ணி இறைக்கிற டீசல் எஞ்சின் சீப்பட்டுக் கிடக்கு. அதைப் போட்டா சும்மா நிக்கும்போதே பல்லு ஆடும். பெரிய கார் எஞ்சின் ஒண்ணு வந்துச்சு. அது ஒண்ணே என் வண்டியை விடக் கனம். கனமான எஞ்சினை வச்சா சட்டம் தடியாகணும், சட்டம் தடிச்சா பிரேக்கு பெருசாகணும், அப்புறம் இந்த எஞ்சின் பத்தாதும்பான். அதுக்கு முடிவே இல்லக்கா.”

“நான் கொண்டாந்தது?”

“ஒன்னோடது லேசு. கியர் பெட்டியும் சக்கரத்துக்குப் போற அச்சும் ஒரே துண்டா இருக்கு. அம்சமான எஞ்சின்க்கா.”

காதர் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

பிறகு வந்த எட்டு நாளும் எனக்குத் திருநாள் போலத்தான். காலையில் கோச்சடையில் தெருவோடு வரும் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் போட்டுச் சுடச்சுட ஒரு டம்ளர். மத்தியானம் பட்டறைக்காரர்களுக்கு என் கைச் சமையல். ஒருநாள் நம் ஊர்ப் பக்குவத்தில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் செய்துகொண்டு போனேன். காதர் பாய் ஒரு வாய் வைத்துவிட்டு விழித்தார்.

“அக்கா, கருவாட்டுக்குச் சீனி போட்டது யாரு?”

“எங்க ஊருல அப்படித்தான்.”

“பாவம், உங்க ஊரு,” என்றார். ஆனால் இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார்.

வேலையில் ஒரு சிக்கல் வந்தது. அந்த ஜப்பான் காரில் எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால், வால் பக்கம் தொங்கும். தம்பியின் வண்டிக்கு வாலே இல்லை. சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில்தான் இடம். ஆகவே தம்பி எஞ்சினை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தான். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் வந்தது, கியர் பெட்டி வால் பக்கம் போனது. அச்சு சரியாகச் சக்கரத்துக்கு நேரே நின்றது. அளந்து வெட்டிய மாதிரி உட்கார்ந்தது.

கிளட்ச் மிதிக்க இடது கால் இல்லையே. அதற்குக் கையால் இழுக்கும் நீளமான லீவர் ஒன்று செய்தான். இடது கையால் லீவரை இழுத்துப் பிடித்து, அதே கையால் கியரையும் போட வேண்டும். ஒரு கைக்கு இரண்டு வேலை. லீவரை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுக் கியர் போடுவான். “பழகிரும்க்கா,” என்றான். நெற்றி வியர்த்திருந்தது.

வண்டியைக் கல் மேல் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். கியர் போட்டதும் பின்சக்கரம் இரண்டும் சுற்றின. எல்லோரும் கை தட்டினோம். என் கைதான் முதலில் தட்டியது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் பூசை போட்டோம். வண்டிக்குச் சந்தனம், மாலை, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து முப்பது பேராவது வந்திருப்பார்கள். வாங்கக் காத்திருந்த பக்கத்துப் பட்டறைக்காரரும் வந்திருந்தார். லட்சுமி கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். தம்பி ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, லீவரை இழுத்து, முதல் கியர் போட்டு மெதுவாக விட்டான்.

வண்டி பின்னால் போயிற்று.

தண்ணீர்த் தொட்டியில் இடித்து நின்றது. எலுமிச்சம்பழம் நாலும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கியர் தவறிப் போட்டுவிட்டான் என்று நினைத்தோம். இரண்டாவது கியர் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் உந்தியது. கடைசியில் ரிவர்ஸ் போட்டான். வண்டி சமர்த்தாக முன்னால் வந்தது.

பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒன்று!

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: “மாரி அண்ணே, வண்டி வீட்டுக்குப் போகணும்ங்குது, வேலைக்கு வரமாட்டேங்குது!” எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். லட்சுமி சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காதர் பாய் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். “இங்கிட்டு நின்னு பாருங்கக்கா. எந்தப் பக்கம் சுத்துது?” வலது பக்கம் என்றேன். “இப்ப அங்கிட்டுப் போய் நின்னு பாருங்க.” போய்ப் பார்த்தேன். அதே சக்கரம் இடது பக்கம் சுற்றியது. எஞ்சினைத் திருப்பி வைத்தால் சுற்றும் திசையும் திரும்பிவிடும். அவ்வளவுதான் விஷயம். கல் மேல் தூக்கி வைத்தபோது சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

“லேத்துல பெல்ட்டைக் குறுக்க மாத்திப் போட்டா திரும்பிச் சுத்தும்,” என்றான் தம்பி தலையில் அடித்துக்கொண்டு. “இருவத்தஞ்சு வருசம் அப்படியே பழகிட்டேன். எந்த மோட்டாரை எங்கிட்டுத் திருப்பி வச்சாலும் பெல்ட்டுல சரி பண்ணிக்கலாம்னே மண்டையில இருக்கு. இதுல பெல்ட்டு ஏது?”

கூட்டம் கலைந்த பிறகு தம்பியும் காதர் பாயும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். கியர் பெட்டியைத் திறந்து உள்ளே பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றலாம் என்றால் அதற்குப் பெட்டிக்குள் இடம் இல்லை. எஞ்சினை அது இருந்த மாதிரியே வால் பக்கம் தொங்கவிடலாம் என்றால் சட்டத்தை அறுத்து நீட்ட வேண்டும். ஒரு மாதம் ஆகும். கப்பலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. “சட்டத்தையே அறுப்போம்,” என்றான் தம்பி.

காதர் பாய்க்குப் பொறுக்கவில்லை. “மாப்ள, அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?”

“பாய், பேசாம இரு.”

“இருந்தது போதும்டா. அக்கா, இந்த வண்டிக்கு எஞ்சின் நீங்க வர்றதுக்கு முந்தியே வாங்கியாச்சு. ஆட்டோ எஞ்சின். என் செட்டுலதான் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கு. இந்தச் சட்டமே அதுக்கு அளவெடுத்து அடிச்சதுதான். அக்கா எஞ்சின் கொண்டாருதுன்னு உங்க கடுதாசி வந்ததும், இவன் எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டான்.”

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஆட்டோ எஞ்சினா? கடல் தாண்டி வந்த ஜப்பான் எஞ்சின் எங்கே, தெருவுக்குத் தெரு புகை கக்கிக்கொண்டு ஓடும் ஆட்டோ எங்கே? எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? எழுதினால் நான் கொண்டு வந்திருப்பேனா? முப்பது பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்தது என் எஞ்சின் அல்லவா! தம்பியோடு பேசாமல் வீட்டுக்கு வந்தேன். லட்சுமி கறிதோசை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அதையும் தொடவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் கறிதோசைக்காகத்தான் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் தம்பி எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். நான் கோபத்தில் பஸ்ஸுக்கு நிற்காமல் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னேன். இந்த ஆட்டோ எஞ்சினில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுகிறேன் என்று பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிரைவர் சின்ன வயதுக்காரர், வாயில் வெற்றிலை. கீழே இருந்த ஒரு நீளக் கம்பியைக் கையால் வெடுக்கென்று இழுத்தார், எஞ்சின் ஓடியது. உதைக்கவில்லை. இடது கைப்பிடியை அழுத்தினார், முறுக்கினார், விட்டார். கிளட்சும் கியரும் அந்த ஒரே பிடியில். காளவாசலில் நிறுத்தினார், எடுத்தார், ஒரு மாட்டுக்கு ஒதுங்கினார், மறுபடி எடுத்தார். எல்லாம் அந்தக் கைதான். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது காலை மடக்கிச் சீட்டுக்கு மேல் போட்டு, வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அந்தக் காலுக்கு வேலை இல்லையா?”

“எந்தக் காலுக்கு?”

“மடக்கி வச்சிருக்கீங்களே, அதுக்கு.”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். “அதுக்கு என்னம்மா வேலை? சும்மாதான் கிடக்கு. கீழ போட்டா கொசு கடிக்கும்.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அந்த மடக்கிய காலையே பார்த்துக்கொண்டு போனேன். என் தம்பிக்கு எந்தக் கால் இல்லையோ, அந்தக் காலுக்கு வேலையே வைக்காத வண்டி இந்த ஊர்த் தெரு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அதைக் கண்டுபிடித்து, வாங்கி, அளவெடுத்துச் சட்டமும் அடித்து வைத்திருந்தான். பிறகு அக்காவின் மனசு கோணக்கூடாதென்று, ஒரு கைக்கு இரண்டு வேலை வைக்கும் எஞ்சினை மாட்டிக்கொண்டு “பழகிரும்க்கா” என்று சொல்லியிருக்கிறான். அதற்காகப் பட்டறையே போனாலும் போகட்டும் என்றிருந்தானே! எனக்குக் கோபம் போய்விட்டது. வேறொன்று வந்தது.

பட்டறைக்குள் நுழையும்போது தம்பி சட்டத்தை அறுக்கச் சாக்பீசால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“டேய், அதை அழி,” என்றேன். “என் எஞ்சினைக் கழத்து. பாயிகிட்டக் கிடக்கிறதைக் கொண்டாந்து மாட்டு.”

“யக்கா, அம்புட்டுத் தூரத்துலருந்து நீ…”

“நான் உன்னைப் பார்க்க வந்தேன். அது கூட வந்துச்சு. கழத்து.”

காதர் பாய் கையில் ஸ்பானரோடு எப்போது வந்து நின்றாரென்று தெரியவில்லை. முதல் நட்டை அவர்தான் கழற்றினார்.

ஆட்டோ எஞ்சினைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஒரே சிலிண்டர், ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. அதிலும் கியரும் இரண்டு அச்சும் ஒன்றாகவே இருக்கின்றன. தம்பி அறுத்துப் போட்டிருந்த தாங்கிகளை மறுபடி பற்றவைத்தான். சீட்டுக்கு இடப்பக்கம் ஒரு குட்டைக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆட்டோவின் இடது கைப்பிடியைச் செருகினான். வலது காலுக்குப் பிரேக்கும் ஆக்சிலேட்டரும். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கம்பி சீட்டுக்குப் பக்கத்தில். வலது கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், இடது கை கியரைப் பார்த்துக்கொள்ளும். நாலு நாளில் வேலை முடிந்தது. அந்த நாலு நாளும் பக்கத்துப் பட்டறைக்காரர், வாங்க ஆசைப்பட்ட அதே மனிதர், தன் வெல்டிங் ஆளையும் அனுப்பி வைத்தார். அவரையும் நான் மறக்கக் கூடாது.

மறுபடி கல் மேல் தூக்கி வைத்து ஓட்டியபோது, ஒருவர் விடாமல் தரையில் குனிந்து சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தோம். பூசை இரண்டாம் தடவை. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. “இழுவை கொஞ்சம் கம்மிதான்,” என்றான் தம்பி. சைக்கிளைத் தாண்டும், லாரிக்கு வழிவிடும். அது போதும் அவனுக்கு. கார்புரேட்டர் கெட்டால் மதுரையில் எந்த முக்கிலும் ஆள் உண்டு. என் எஞ்சினுக்கு ஒரு வாஷர் போனாலும் ஈப்போவுக்கல்லவா கடிதம் போட வேண்டும்?

கால் இல்லாதவர் ஓட்டும் வண்டி என்று அனுமதி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இன்ஸ்பெக்டர் தானே ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். பாலத்து மேட்டில் நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். தம்பி எடுத்தான். “யாரு கொடுத்த யோசனை இது?” என்று கேட்டார். “எங்க ஊரு ஆட்டோக்காரங்க,” என்றான் தம்பி. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வண்டியைக் கோச்சடை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம்.

என் எஞ்சினை என்ன செய்வது என்று அவன் தயங்கினான். கரண்டு அடிக்கடி போகிற ஊர் அது. ஒரு டைனமோவோடு இணைத்துப் பட்டறை மூலையில் நிறுத்திவிட்டான். கரண்டு போனால் இப்போது லேத்தைச் சுற்றுவது அதுதான். அங்கே அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் பரவாயில்லையாம். வீணாகாமல் அதற்கும் ஒரு வேலை கொடுத்தானே!

கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலையில், வண்டியை வீட்டிலிருந்து பட்டறைக்கு முதல்முதலாக ஓட்டிப் போவதாக முடிவாயிற்று. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பிரம்பு சீட்டில் ஏறப் போனேன்.

“நீ பஸ்ஸுல வாக்கா.”

“ஏண்டா?”

“நீ ஏறுனா, அக்கா கூட்டிக்கிட்டுப் போச்சுன்னு ஆயிரும். நான் தனியாப் போறேன்.”

லட்சுமி கட்டையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். சீட்டிலிருந்து நழுவாமல் அதற்கு ஒரு கயிறு கட்டினாள். அவன் கம்பியை இழுத்தான், கைப்பிடியை முறுக்கினான். வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் சத்தம் கேட்டது.

நான் பஸ் பிடித்து, மாறி, சன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். எங்கும் அவனைக் காணோம். பக்கத்தில் இருந்த அம்மாள், “யாரைத் தேடுறீக?” என்றாள். என் தம்பி கார் ஓட்டிக்கொண்டு போகிறான் என்றேன். “கார்ல போறவரு இந்நேரம் போயிச் சேர்ந்திருப்பாரு,” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கப்பலூரில் இறங்கிப் பார்த்தால் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வாசலில் காதர் பாய் ஒரு பக்கமும் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு பக்கமும் ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள்.

“வந்துட்டானா?”

“இல்லக்கா.”

கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு லாரி போகும் ஒவ்வொரு தடவையும் ரோட்டோரம் வரை ஓடி எட்டிப் பார்த்தேன். லட்சுமியிடம் என்ன சொல்வேன்? “நான் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ப் பாக்குறேன்,” என்று காதர் பாய் கிளம்பினார். கிளம்பியவர் அப்படியே நின்றார். தூரத்தில் ஆட்டோச் சத்தம். ஆனால் வந்தது ஆட்டோ இல்லை.

தம்பி அவசரமே இல்லாமல் வந்து, வளைத்து, பட்டறை வாசலில் நிறுத்தினான். முகம் கழுவிய மாதிரி இருந்தது. நாங்கள் ஓடினோம்.

“என்னாச்சு மாப்ள? எங்க நின்னுச்சு? எஞ்சினா, பெட்ரோலா?”

“ஒண்ணும் ஆகலை. வண்டி நல்லா வந்துச்சு.”

“அப்ப இம்புட்டு நேரம்?”

“பழங்காநத்தம் தாண்டி வேப்பமரத்தடியில ஒரு டீக்கடை இருக்குல்ல? மூணு வருசமா பஸ்ஸுலருந்து பாத்துக்கிட்டே போறேன். நிறுத்தணும்னு தோணுச்சு. நிறுத்தி டீ குடிச்சேன்.”

“ஒரு டீ குடிக்க அரை மணி நேரமாடா?” என்று கேட்டேன்.

“ரெண்டு குடிச்சேன்க்கா,” என்றான். “எந்திரிக்கத் தோணலை. நேரமாச்சுன்னு என்னைய யாரு தூக்கி ஏத்தி எறக்கிவிடப் போறா?”